மீன் குளத்துக்கு அமினோ அமிலம் வாங்கலாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். ஒரு ஏக்கர் குளம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டிருக்கிறீர்கள். எண்ணெய் எடுத்த தவிடும் கடலைப் புண்ணாக்கும் பாதிக்குப் பாதி கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறீர்கள். வளர்ச்சி மந்தமாக இருக்கிறது. கடைக்காரர் ஒரு அமினோ அமிலப் பாட்டிலைக் காட்டி, 'லைசின், மெத்தியோனின் எல்லாம் இதில் இருக்கிறது, டன் தீவனத்துக்கு 1 லிட்டர் கலந்தால் போதும், இரண்டே மாதத்தில் வித்தியாசம் தெரியும்' என்கிறார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம்.

அமினோ அமிலமே ஏமாற்று வேலை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பல வருஷம் தீவன ஆலையில் கலவைக் கணக்குப் போட்டுத்தான் சாப்பிட்டேன். அங்கே 25 கிலோ லைசின் மூட்டையும் மெத்தியோனின் மூட்டையும் தீராமல் பார்த்துக்கொள்வது எங்களுக்கு அரிசி பருப்பு தீராமல் பார்த்துக்கொள்வது மாதிரி. ஆலைக்குள், கணக்குப் பார்த்து, மாவோடு மாவாகக் கலந்து, குச்சித் தீவனத்துக்குள் பூட்டிவிட்டால் அந்தப் பொடி சோறு போடும். குளக்கரையில் நின்றுகொண்டு மேலாகத் தெளித்தால் தண்ணீரோடு போய்விடும். இந்த வித்தியாசத்தைத்தான் கடைக்காரர் உங்களிடம் சொல்லவில்லை.

முதலில் மீனுக்குப் புரதம் எதற்கு என்று பார்ப்போம். கண்டிப்பாகச் சொன்னால் மீனுக்குப் புரதம் என்ற ஒன்றே தேவையில்லை, புரதத்துக்குள் இருக்கிற அமினோ அமிலங்கள்தான் தேவை. கதம்பம் கட்டுகிற பூக்காரம்மாவைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முழத்துக்கு இத்தனை மல்லி, இத்தனை கனகாம்பரம், இத்தனை மரிக்கொழுந்து என்று அவர் கைக்கு ஒரு கணக்கு உண்டு. கூடையில் மல்லி குவிந்து கிடந்தாலும் மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால் கதம்பம் அங்கேயே நின்றுவிடும். மிச்ச மல்லியை நாளைக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது, சாயங்காலத்துக்குள் வாடிவிடும். மீன் உடம்பும் அப்படித்தான். ஏதாவது ஒரு அமினோ அமிலம் குறைந்தால் அந்த அளவோடு சதை கட்டுவது நின்றுவிடும். மீதி அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்க உடம்பில் இடம் இல்லை, எரித்துவிட்டு அதிலுள்ள நைட்ரஜனைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றிவிடும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கின் ஒரு பகுதி மீனாக மாறாமல் குளத்துத் தண்ணீரைக் கெடுக்கிற சரக்காக மாறுகிறது.

மீன் தானாகச் செய்துகொள்ள முடியாத, தீவனத்தில் வந்தே ஆக வேண்டிய அமினோ அமிலங்கள் பத்து: லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபான், அர்ஜினின், ஹிஸ்டிடின், லூசின், ஐசோலூசின், வேலின், பினைல்அலனின். 1957-ல் அமெரிக்காவில் ஜான் ஹால்வரும் அவருடைய கூட்டாளிகளும் சினூக் சால்மன் குஞ்சுகளுக்கு ஒவ்வொரு அமினோ அமிலமாக விட்டுவிட்டுத் தீவனம் கொடுத்து இந்தப் பட்டியலை எடுத்தார்கள். அந்தக் கட்டுரையில் கூட்டாசிரியராக இருந்த எட்வின் மெர்ட்ஸ்தான் பிறகு 1964-ல் லைசின் அதிகமுள்ள மக்காச்சோளத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். மீனிலும் சரி, சோளத்திலும் சரி, மனிதர் லைசினை விடவில்லை.

அவர் விடாததற்குக் காரணம் இருக்கிறது. பத்து இருந்தாலும் நடைமுறையில் நமக்கு இடிக்கிறது இரண்டுதான், லைசினும் மெத்தியோனினும். சில கலவைகளில் மூன்றாவதாகத் திரியோனின் வரும். தானியத்தில் லைசின் குறைவு, பருப்பு வகையில் மெத்தியோனின் குறைவு. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கல் வைக்கும்போது, இட்லிக்கு உளுந்து போடும்போது, நம் வீட்டில் இந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிடுகிறது. குளத்துக்கு அப்படி யாரும் பார்த்துச் செய்வதில்லை. எது மலிவோ அது போகிறது.

உங்கள் கலவையையே எடுத்துக்கொள்வோம். கடலைப் புண்ணாக்கு நம் ஊரில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. புரதம் 45 சதவீதம் பக்கம் இருக்கும், மீனும் விரும்பித் தின்னும். ஆனால் அந்தப் புரதத்தில் அர்ஜினின் வழிகிறது, லைசின் ஏழை. புரதத்தின் நூறு பங்கில் லைசின் மூன்றரைப் பங்குதான், அதாவது புண்ணாக்கில் ஏறத்தாழ 1.55 சதவீதம். தவிட்டில் புரதம் 15, லைசின் 0.65 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் தீவனத்தில் புரதம் 30 சதவீதம், லைசின் 1.1 சதவீதம். புரதத்தை மட்டும் பார்த்தால் பிரமாதம். கெண்டை இனத்துக்கு லைசின் எவ்வளவு வேண்டும்? புரதத்தில் 5.7 சதவீதம் என்பது சாதா கெண்டைக்குக் கண்ட அளவு, ரோகுவுக்கும் அதையொட்டித்தான். 30 சதவீதப் புரதத்துக்கு அது 1.7 வருகிறது. இருப்பது 1.1, வேண்டியது 1.7. குறை 0.6.

இந்தக் குறையை லைசின் பொடியால் அடைக்க வேண்டுமானால், சந்தையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 78 சதவீதம் என்பதால், டன்னுக்கு ஏழரையிலிருந்து எட்டுக் கிலோ போட வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டிலைப் பாருங்கள். டன்னுக்கு 1 லிட்டர். அந்த லிட்டர் முழுக்கத் தண்ணீரே இல்லாத சுத்த லைசின் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் டன்னுக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும், அதாவது 0.1 சதவீதம் சொச்சம். ஓட்டை 0.6. நிஜத்தில் அந்தத் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர், அப்புறம் ஏதோ ஒரு புரதத்தைச் சிதைத்து எடுத்த கலவை, கொஞ்சம் நிறம், கொஞ்சம் மணம். அடுத்த முறை யார் எந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதில் லைசின் எத்தனை சதவீதம், டன்னுக்கு எத்தனை கிலோ. பதிலில் 'மொத்த அமினோ அமிலம்' என்ற வார்த்தை வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். மொத்தம் நமக்கு எதற்கு? கூடையில் மல்லி ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

சரி, பாட்டிலை விடுங்கள், எட்டுக் கிலோ லைசின் பொடியையே வாங்கித் தீவனத்தில் கலந்துவிட்டால்? இங்கேதான் நான் ஒருமுறை சூடுபட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கணக்கெல்லாம் சுத்தமாகப் போட்டு, தெரிந்தவர் ஒருவரின் இரண்டு குளங்களில் ஒன்றுக்கு மட்டும் லைசினைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்துத் தவிட்டு உருண்டையில் பிசைந்து கொடுக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து வலை போட்டு எடை பார்த்தால் இரண்டு குளத்து மீனும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீதான் தொண்டையில் இறங்கவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் உறைத்தது. லைசின் ஹைட்ரோகுளோரைடு சர்க்கரை மாதிரி கரையும் சரக்கு. உருண்டை தண்ணீரில் ஊறி, மீன் வந்து கொத்தி, உதிர்ந்து, மறுபடி கொத்தி முடிப்பதற்குள் லைசின் வெளியேறியிருக்கும். சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் மோசம், மணிக்கணக்கில் ஊறுகிறது. ஒரு ஏக்கர் குளத்தில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் என்றால் 60 லட்சம் லிட்டர். ஒரு நாளைக்கு 20 கிலோ தீவனம் போட்டால் டன்னுக்கு எட்டுக் கிலோ கணக்கில் அதில் இருப்பது 160 கிராம் லைசின். 60 லட்சம் லிட்டரில் 160 கிராம் எங்கே போகும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். லைசினுக்குப் பதிலாகச் சமையல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கிராம். நீங்கள் பாட்டிலை எப்படிக் கலப்பீர்களோ அப்படியே கலந்து, கொஞ்ச நேரம் உலரவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். கால் மணி நேரம் கழித்து மேல் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். உப்புக் கரித்தால் லைசினும் அதே வழியில்தான் போயிருக்கும். ஆலையில் நீராவியில் வெந்து இறுகிய குச்சித் தீவனத்தில், அல்லது மிதவைத் தீவனத்தில், மாவுச்சத்து பசையாகிப் பொடியைப் பிடித்துக்கொள்கிறது. மீனும் மிதக்கிற தீவனத்தைச் சில நிமிஷத்தில் முடித்துவிடும். அங்கேயும் கசிவு இருக்கிறது, ஆனால் தாங்கக்கூடிய கசிவு. இறால்தான் தீவனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சாவகாசமாகக் கடித்துத் தின்னும் பிராணி, அதனால் இறால் தீவனம் செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி நம்மைவிட அதிகம். எளிதில் கரையாதபடி இரண்டு மெத்தியோனினைக் கோத்து ஒன்றாக்கி விற்கிற சரக்குகூட அவர்களுக்காகத்தான் வந்தது.

கெண்டைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால், சாதா கெண்டை, புல்கெண்டை எதற்குமே இரைப்பை கிடையாது. வாயில் போவது நேராகக் குடல்தான். புண்ணாக்கில் புரதமாகக் கட்டுண்டு கிடக்கும் அமினோ அமிலங்கள் மெல்ல மெல்லச் செரித்து ரத்தத்துக்கு வரும். தனிப் பொடியாகப் போட்ட லைசினுக்குச் செரிக்க ஒன்றுமில்லை, சடாரென்று ரத்தத்தில் ஏறிவிடும். பூக்காரம்மாவுக்கு மரிக்கொழுந்து காலை ஆறு மணிக்கு வந்து, மல்லி பத்து மணிக்கு வந்த கதை. மல்லி வருவதற்குள் மரிக்கொழுந்து வாடிவிட்டது. 1970-களில் ஜப்பானியர்கள் கெண்டைக் குஞ்சுகளுக்குத் தனி அமினோ அமிலங்களாலேயே தீவனம் செய்து கொடுத்துப் பார்த்தபோது குஞ்சுகள் வளரவே இல்லை. பிறகு தீவனத்தின் அமிலத்தன்மையைச் சரிக்கட்டியதும் ஓரளவு வளர்ந்தன. அமினோ அமிலத்துக்கு மேலுறை போட்டுப் பார்த்தார்கள், ஒரே நாளில் பல தடவை பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டிலுமே பலன் கூடியது. பல தடவை கொடுக்கும்போது ஒரு வேளையின் மல்லியும் அடுத்த வேளையின் மரிக்கொழுந்தும் ரத்தத்தில் சந்தித்துக்கொள்கின்றன. திலேப்பியா, விரால், கொடுவா போன்ற இரைப்பை உள்ள மீன்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஆகவே நாமக்கல் கோழித் தீவனக் கணக்கை அப்படியே கெண்டைக்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கோழிக்குத் தீவனம் நனைவதில்லை, இரைப்பையும் அரைவைப் பையும் இருக்கிறது, தட்டில் போட்டது தட்டில் இருக்கும்.

இதெல்லாம் போக, உங்கள் குளத்தில் லைசின்தான் பிரச்சினையா என்பதே எனக்குச் சந்தேகம். ஏக்கருக்கு இரண்டு மூவாயிரம் மீன் விட்ட பச்சைத் தண்ணீர்க் குளத்தில் மீன் நீங்கள் போடும் தவிட்டை மட்டும் நம்பி வாழவில்லை. கட்லா மேல்மட்டத்தில் விலங்கு மிதவை நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது, ரோகு நடுவில் பாசியையும் மட்கிய பொருளையும் மேய்கிறது, மிர்கால் அடியில். அந்த நுண்ணுயிர்களின் உலர் எடையில் பாதியளவு புரதம், அதில் லைசினும் மெத்தியோனினும் தாராளம். தவிடும் புண்ணாக்கும் அங்கே முக்கியமாக எரிசக்திக்குத்தான், அமினோ அமிலக் குறையைக் குளமே இலவசமாக அடைத்துவிடுகிறது. முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் வெளுத்துவிட்டது, மேய ஒன்றுமில்லை. பாட்டிலுக்கு வைத்திருந்த காசைச் சாணத்துக்கும் சூப்பர் பாஸ்பேட்டுக்கும் போடுங்கள், அளவை உங்கள் பகுதி மீன்வளத் துறை ஆய்வாளரிடம் மண், நீர் காட்டிக் கேட்டுக்கொண்டு. முழங்கைக்கு முன்னாலேயே கை மறைந்தால் போதுமான பச்சை இருக்கிறது, மந்தத்துக்குக் காரணம் வேறு. எண்ணிக்கை அதிகமா, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா, விட்ட குஞ்சே நறுங்கலா என்று பாருங்கள்.

லைசினைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால் பொடியை விட மலிவான வழி, கடலைப் புண்ணாக்கில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயா புண்ணாக்கு போடுவது. கோழித் தீவனக் கடைகளில் கிடைக்கும். சோயாவில் புரதம் 46 பக்கம், லைசின் 2.8 சொச்சம், கடலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தவிடு 50, கடலை 25, சோயா 25 என்று கலந்தால் புரதம் அதே 30, லைசின் 1.1-லிருந்து 1.4-க்கு ஏறிவிடுகிறது. பாதி ஓட்டை அங்கேயே அடைபட்டது. இது புரதத்துக்குள் கட்டுண்ட லைசின், தண்ணீரில் கரைந்து ஓடாது. கடலைப் புண்ணாக்கில் வருகிற பூஞ்சை நஞ்சின் பங்கும் பாதியாகும், அது தனி லாபம். சோயாவில் மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கு கட்டுப்படியான விலையில் கிடைக்கிற ஊராக இருந்தால் ஐந்து, பத்துப் பங்கு சேர்த்துக்கொள்ளலாம், எள்ளுப் புரதத்தில் மெத்தியோனின் சோயாவைப் போல இரண்டு மடங்கு. ஆனால் லைசின் கடலையைவிடவும் குறைவு, அதனால் எள்ளும் கடலையும் மட்டும் சேர்த்தால் இரண்டு ஏழைகள் ஒரு வீட்டில்.

அப்புறம் யாருக்குத்தான் இந்தப் பொடி தேவை? சொந்தமாகக் குச்சித் தீவனம் பிழிகிறவர்களுக்கு, நெருக்கி மீன் விட்டுத் தொட்டியிலோ கூண்டிலோ வளர்க்கிறவர்களுக்கு. தார்ப்பாய்த் தொட்டியில் விரால் வளர்க்கும்போது மேய்ச்சல் என்று ஒன்றும் கிடையாது, நீங்கள் போடுவதுதான் சாப்பாடு. அங்கே ஒரு அமினோ அமிலம் குறைந்தால் அதை அடைக்க வேறு ஆள் இல்லை. சொந்தமாகச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று, கலக்கும் முறை. எட்டுக் கிலோ பொடியை நேராக ஒரு டன்னில் கொட்டாதீர்கள். முதலில் இருபது கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்து, அதை நூறு கிலோவில் கலந்து, பிறகு முழுவதிலும். பிழிந்த குச்சி சிவந்து வாசம் வரும்வரை காயவிடாதீர்கள். முக்கியமாக, வெல்லப்பாகோ மொலாசஸோ சேர்த்து லைசினோடு போட்டு வேகவைக்காதீர்கள். சர்க்கரையும் லைசினும் சூட்டில் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், முறுகல் தோசையின் பழுப்பு நிறம் வருவதும் இதே வினையால்தான். ஒட்டிய லைசின் ஆய்வகக் கணக்கில் நைட்ரஜனாக நிற்கும், மீனுக்குக் கிடைக்காது.

இதே காரணத்துக்காகத்தான் புண்ணாக்கு வாங்கும்போது கருகல் வாடை பார்க்கச் சொல்வது. செக்கிலோ ஆலையிலோ சூடு மீறிய புண்ணாக்கு கறுத்திருக்கும். புரதச் சோதனையில் அதே 45 காட்டும், லைசின் அதற்குள் செத்திருக்கும். புரதச் சோதனை என்று சொல்வதே உண்மையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவதுதான். அது புரத நைட்ரஜனா, யூரியா நைட்ரஜனா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2007-ல் அமெரிக்காவில் நாய், பூனை உணவுக்கான மாவில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்த ஊழல் வெடித்ததே, அதுவும் இந்த ஓட்டை வழியாக நுழைந்ததுதான். அந்த மாவு மீன் தீவனத்துக்குள்ளும் போயிருந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, பூஞ்சை நஞ்சு, புரதம் போன்றவற்றுக்கு மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். கம்பெனித் தீவனம் வாங்குகிறவர்கள் மூட்டையில் புரதம் 28 என்று அச்சடித்திருப்பதோடு நின்றுவிடாமல், லைசின் எவ்வளவு, மெத்தியோனின் எவ்வளவு என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். நல்ல கம்பெனியாக இருந்தால் தொழில்நுட்ப ஆளிடம் கேட்டாவது சொல்வார். லைசின், மெத்தியோனின் சரியாகச் சமன் செய்த 28 சதவீதத் தீவனம், சமன் செய்யாத 32-ஐ விட நன்றாக வேலை செய்வதுண்டு, தண்ணீரில் அம்மோனியாவும் குறையும். ஆலைக்காரன் லைசின் மூட்டை வாங்குவது இதற்காகத்தான், உங்கள் மீன் மேல் உள்ள பாசத்தால் அல்ல.

மீன் பண்ணைத் தொழிலில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க நார்வேயைப் பார்க்கலாம். 1990-ல் அங்கே சால்மன் தீவனத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்த மீன்தூளும் மீன் எண்ணெயும். 2013 வாக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மீதி சோயா, கோதுமை, கடுகு இன எண்ணெய். ஊன் தின்னும் மீனைச் சைவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள், அமினோ அமிலப் பொடி இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் நடுவில் ஒரு அடி வாங்கினார்கள். மாட்டுக்குக் கிறுக்கு நோய் வந்த பயத்தில் 1990-களில் ரத்தத்தூளைத் தீவனத்திலிருந்து எடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் பண்ணை சால்மன்களுக்குக் கண்புரை. கூண்டில் பார்த்தால் கண் வெளுத்த மீன்கள். ஆராய்ந்து பார்த்தால் ரத்தத்தூளில்தான் ஹிஸ்டிடின் அதிகம் இருந்திருக்கிறது. சால்மன் கண்வில்லை தன் நீர்ச் சமநிலையைக் காக்க ஹிஸ்டிடினிலிருந்து செய்த ஒரு பொருளைப் பயன்படுத்துகிறது. மீன் வளர்வதற்குப் போதுமான அளவு ஹிஸ்டிடின் தீவனத்தில் இருந்தது, கண்ணுக்குப் போதவில்லை. கூட்டிப் போட்டதும் கண்புரை குறைந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை இது, ஏனென்றால் தேவை என்று நாம் அட்டவணையில் எழுதி வைக்கிற எண் எதற்கான தேவை என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானில் இன்னொன்று. மீன்தூளைக் குறைத்த தீவனம் தின்ற மஞ்சள்வால் மீன்களுக்கு ஈரல் பச்சையாகிவிட்டது. காரணம் டாரின் குறைவு. டாரின் புரதத்தில் கோக்கப்படும் அமினோ அமிலம் இல்லை, செடிகொடிகளிலும் அநேகமாகக் கிடையாது, மீன்தூளில் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. நம் ஊரில் கொடுவாவுக்கு மீன்தூளைக் குறைத்துச் சோயாவை ஏற்ற நினைக்கிறவர்கள் லைசின், மெத்தியோனினோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மீன்தூளோடு டாரினும் பாஸ்பரஸும் சேர்ந்தே வெளியே போகின்றன.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். முதுகு வளைந்த மீன், துடுப்பு அரித்த மீன், கண் வெளுத்த மீன் படங்களைக் காட்டி 'பாருங்கள், அமினோ அமிலக் குறை' என்று விற்கிறார்கள். டிரிப்டோபான் இல்லாத தீவனத்தில் டிரவுட் மீனுக்கு முதுகு வளைந்ததும், லைசின் குறைந்தபோது துடுப்பு அரித்ததும், மெத்தியோனின் குறைந்தபோது கண்புரை வந்ததும் உண்மைதான். அதெல்லாம் ஆய்வகத் தொட்டியில், வேண்டுமென்றே ஒன்றை நீக்கிய தீவனத்தில். உங்கள் குளத்தில் நூற்றில் ஒன்று முதுகு வளைந்திருந்தால் அது குஞ்சு பொரிப்பகத்திலிருந்தே வந்த குறையாக இருக்கலாம், வைட்டமின் சி குறைவாக இருக்கலாம், வலையில் அடிபட்டதாகவும் இருக்கலாம். குளத்தில் அமினோ அமிலக் குறை பெரும்பாலும் நோயாக வராது. தீவனம் செலவாகும், எடை ஏறாது, அவ்வளவுதான் தெரியும்.

டிரிப்டோபான் என்றதும் ஞாபகம் வருகிறது. அதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் களவா மீன் குஞ்சுகள் ஒன்றையொன்று கடித்துத் தின்பது குறைந்ததாகச் சோதனைகள் உண்டு, மூளையில் செரட்டோனின் கூடுவதால். கொடுவாக் குஞ்சு வளர்க்கிறவர்களுக்கு இது ஆசை காட்டும். செய்து பாருங்கள், ஆனால் வாரம் இரண்டு தடவை அளவு பார்த்துப் பிரிப்பதை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

'ஆனால் அந்தத் திரவம் போட்ட அன்றைக்கு மீன் பாய்ந்து வந்து தின்றதே' என்று பக்கத்துக் குளத்துக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது நிஜமாகவே நடக்கும். கரைந்து வெளியேறும் அமினோ அமிலம் மீனுக்கு வாசனை, கருவாடு சுடும் வீட்டுப் பக்கம் பூனை வருவது மாதிரி. தீவனத்தை எட்டிப் பார்க்காத மீனுக்கு, மருந்து கலந்த கசப்புத் தீவனத்துக்கு, அந்த வாசனை உதவும். பாய்ந்து வருவது வேறு, எடை ஏறுவது வேறு.

இன்னொருவர் இடையில் மீன் அமினோ அமிலம், அதாவது மீன் கழிவும் வெல்லமும் போட்டு ஊறவைத்துப் பயிருக்குத் தெளிப்பதை, மீனுக்கே கொடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். வேண்டாம். சந்தையில் கிடைத்த பச்சை மீன் கழிவை வேகவைக்காமல் ஊறவைத்துக் குளத்தில் ஊற்றுவது, எந்த மீனின் நோயை எந்த மீனுக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் செய்கிற வேலை. நெல்லுக்கும் காய்கறிக்கும் தெளியுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் சோயாவைப் பாதி மாற்றுங்கள், சாக்கில் ஒரே தடவை கட்டுவதை விட்டு காலை, மதியம், சாயங்காலம் என்று பிரித்துக் கட்டுங்கள், முழங்கைச் சோதனையை வாரம் ஒருமுறை செய்து எழுதி வையுங்கள். இப்போதே வலை போட்டு ஒவ்வொரு இனத்திலும் இருபது மீன் எடை எடுத்துவிடுங்கள், நாற்பத்தைந்து நாள் கழித்து மறுபடி. இரண்டு எடையையும், போட்ட தீவனத்தின் மொத்தக் கிலோவையும், குளத்தில் விட்ட எண்ணிக்கையையும் இங்கேயே எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதற்குள் பாட்டிலை வாங்கிவிட்டு, அதைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார் என்றால், மீன் கழிச்சலோ தீவனம் எடுக்காத நாளோ வரும்போது வாசனைக்குக் கொஞ்சம் கலக்க வைத்துக்கொள்ளுங்கள், மூடியை இறுக்கி, நிழலில்.